இருண்ட கிறிஸ்துமஸ் படங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

இருண்ட கிறிஸ்துமஸ் படங்களைப் பார்க்கலாம் என்று உட்காருகிற பலர் முதல் படத்தோடு எழுந்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு பட்டியலின் தலையில் இருக்கும் ரத்தக்களரியைப் போடுவார்கள். சாண்டா வேடத்தில் ஒருவன் கோடரியோடு வருவான். இருபது நிமிடத்தில் சலித்துவிடும். இந்த வகையில் கோடரி ஒரு மூலை மட்டும்தான். அலுவலக விருந்து, வாடகைக் கொலைகாரன், பேய்க்கதை, கனவு, அரசாங்க அச்சுப்பிழை என்று மீதி இடம் விரிந்து கிடக்கிறது. எந்த வழியாக உள்ளே நுழைகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. பண்டிகையை உருவிப் பாருங்கள்

படத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் ஒரு கேள்வி: கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் இந்தக் கதை நிற்குமா? நின்றால், அது சீரியல் விளக்கு மாட்டிய சாதாரணப் படம். விழுந்துவிட்டால் உங்களுக்கான படம்.

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' (1960) இதற்கு நல்ல அளவுகோல். கல்யாணமான மேலதிகாரி ஒருவர், தன்னை நம்பியிருக்கும் லிஃப்ட் இயக்கும் பெண்ணைக் கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் சந்திக்கிறார். அவள் அவருக்காக ஓர் இசைத்தட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அவரோ, கடைக்குப் போய்ப் பரிசு தேடுவது தனக்குக் கொஞ்சம் சங்கடம் என்று சொல்லி, நூறு டாலர் நோட்டை எடுத்து நீட்டுகிறார். ஏப்ரல் மாதத்தில் அது வெறும் பணம். டிசம்பர் 24 இரவில் அது அவமானம். அதற்குப் பிறகு அவள் செய்வது எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் கிளம்புகிறது. படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் உள்பட ஐந்து ஆஸ்கர் வாங்கிய நகைச்சுவைப் படம். ஆனாலும் இந்தப் பட்டியலில் இதைவிட இருண்ட அரைமணி நேரம் அதிகம் இல்லை.

'டை ஹார்ட்' (1988) கிறிஸ்துமஸ் படமா என்ற சண்டையையும் இதே கேள்வியால் தீர்த்துக்கொள்ளலாம். பிரிந்து வாழும் மனைவியைப் பார்க்க நாயகன் ஊர்விட்டு ஊர் வருவதும், காலியான கட்டடத்தில் ஒரு தளத்தில் மட்டும் ஆட்கள் கூடியிருப்பதும் பண்டிகை விருந்தால்தான். ஆக, ஆமாம். வெளியானது ஜூலையில் என்பது எதிர்வாதம் ஆகாது. 'கிரெம்லின்ஸ்' (1984), 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' (1992) இரண்டும் ஜூனில் வந்தவை. 'ஐஸ் வைட் ஷட்' (1999) ஜூலையில் வந்தது. இருண்ட கிறிஸ்துமஸ் படத்தைக் கோடையில் இறக்குவது ஹாலிவுட்டின் பழைய பழக்கம்.

2. முதல் ஐந்து படங்களை இந்த வரிசையில் பாருங்கள்

வரிசை முக்கியம். ஒவ்வொரு படமும் அடுத்ததற்குக் கண்ணையும் காதையும் பழக்கும்.

முதலில் ஜோ டான்டேயின் 'கிரெம்லின்ஸ்'. பொம்மைப் படம் மாதிரி ஆரம்பித்து, சமையலறையில் மிக்சியும் மைக்ரோவேவும் ஆயுதமாகும் இடத்தில் நிறம் மாறும். அதற்கும் மேலே, கேட் என்ற பெண் தனக்கு ஏன் கிறிஸ்துமஸ் பிடிக்காது என்று சொல்லும் ஒரு நிமிடப் பேச்சு இருக்கிறது. சிரிப்பதா, உறைவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் இந்த வகைப் படங்களின் ருசி. அது பிடித்திருந்தால் மேலே போகலாம். ஓர் எச்சரிக்கை: அந்தப் பேச்சு சாண்டா நிஜமில்லை என்பதைப் போட்டு உடைத்துவிடும். சாண்டாவை நம்புகிற வயதுப் பிள்ளைகள் அறையில் இருந்தால் போடவே வேண்டாம். இந்தப் படமும் அதே ஆண்டு வந்த இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படமும் கிளப்பிய புகார்களால்தான் அமெரிக்கத் தணிக்கையில் 'பிஜி-13' (13 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை) என்ற புதிய பிரிவே வந்தது.

இரண்டாவது 'தி அபார்ட்மென்ட்'. கறுப்பு வெள்ளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, பின்லாந்தின் 'ரேர் எக்ஸ்போர்ட்ஸ்' (2010). யல்மாரி ஹெலாண்டர் இயக்கியது. மலையைத் தோண்டி நிஜமான சாண்டாவை வெளியே எடுத்துவிடுகிறார்கள். குளிர்பான விளம்பரத்தில் வருகிற தாத்தா இல்லை, குழந்தைகளைத் தண்டிக்கும் பழைய நாட்டுப்புற உரு. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இதே இயக்குநர் 2003, 2005 ஆண்டுகளில் எடுத்த இரண்டு குறும்படங்களும் இணையத்தில் அகப்படும். அவற்றை முன்னால் பார்த்துவிடாதீர்கள். முழுநீளப் படம் அந்தக் குறும்படங்களின் முன்கதை. முதலில் அவற்றைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

நான்காவது 'பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்' (1961). ஆலன் பேரன் எழுதி, இயக்கி, நடித்தது. வாடகைக் கொலைகாரன் ஒருவன் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் வந்து இறங்குகிறான். பின்னணிக் குரல் அவனை "நீ, நீ" என்றே கூப்பிட்டுக் கதை சொல்கிறது. கூட்டமும் கடை விளக்கும் நிறைந்த நிஜத் தெருக்களில், பேச ஆளில்லாமல் ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான். 77 நிமிடம்தான். குறைந்த செலவில் எடுத்த நுவார் (இருளும் குற்றமும் நிறைந்த) படம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

ஐந்தாவதுதான் 'பிளாக் கிறிஸ்துமஸ்' (1974).

3. 'பிளாக் கிறிஸ்துமஸ்' பார்க்கக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும்

கனடாவில் பாப் கிளார்க் எடுத்தது. விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பெண்கள் தங்கும் வீடு. ஆபாசமாகப் பேசும் ஓர் அழைப்பு. மேலே பரணில் ஓர் ஆள். கொலைகாரனின் கண்ணாகவே கேமரா நகர்வது, 'ஹாலோவீன்' (1978) வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே இதில் இருக்கிறது. கேமராவை உடம்போடு கட்டிக்கொண்டு ஒளிப்பதிவுக் குழுவில் ஒருவர் வீட்டுச் சுவரில் ஏறி எடுத்த காட்சி அது.

புதிதாகப் பார்ப்பவர்கள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று சொல்லும் படமும் இதுதான். பெரும்பாலும் காரணம் ஒலி. இதில் பயம் காதில் இருக்கிறது. தொலைபேசியில் ஒரே ஆள் பல குரலில் பேசுகிறான்: ஆண், பெண், குழந்தை, பன்றியின் உறுமல். அதற்கு இடையில் ஒரு பெயர், ஒரு கெஞ்சல் என்று துண்டு துண்டாக அவனுடைய முன்கதை வருகிறது. படம் வேறெங்கும் அதை விளக்குவதில்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தத் துண்டுகள் வெறும் கூச்சலாகிவிடும். இசையமைப்பாளர் கார்ல் ஸிட்ரர், பியானோ கம்பிகளில் முள்கரண்டி, சீப்பு போன்றவற்றைக் கட்டி ஒலியை உருக்குலைத்திருக்கிறார். அந்த அடித்தள முனகலும் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும்.

அதனால் ஹெட்போன் போடுங்கள், அல்லது தனி ஸ்பீக்கர். டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சத்தத்தையும் நிசப்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்; இந்தப் படமோ அந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. முதல் அழைப்பின்போது சப்டைட்டிலைப் போட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசி நிலையத்தில் ஒருவர் இயந்திர அடுக்குகளுக்கு நடுவே ஓடுகிற காட்சியில் போனைத் தொடாதீர்கள்.

இதே பாப் கிளார்க்தான் 1983இல் 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' என்ற குடும்பப் படத்தையும் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மனிதர் மேலேயே ஒரு சந்தேகம் வரும்.

4. பெயரை நம்பாதீர்கள், ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்துத் தேடுங்கள்

இந்த வகையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 'பிளாக் கிறிஸ்துமஸ்' என்ற பெயரிலேயே மூன்று படம் இருக்கிறது: 1974, 2006, 2019. பின்னிரண்டும் ரீமேக்குகள். ஓடிடியில் புதியதுதான் முதலில் வந்து நிற்கும்; அதைப் பார்த்துவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று கேட்பவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, 1974 படம் அமெரிக்காவில் 'சைலன்ட் நைட், ஈவில் நைட்' என்ற பெயரிலும் ஓடியது. 'சைலன்ட் நைட், பிளடி நைட்' (1972) வேறு படம். 'சைலன்ட் நைட், டெட்லி நைட்' (1984) இன்னொரு படம். வெறும் 'சைலன்ட் நைட்' என்று தேடினால் 2021இல் வந்த உலக அழிவுக் கதையும், 2023இல் ஜான் வூ கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் எடுத்த பழிவாங்கும் கதையும் வரும். 'வயலென்ட் நைட்' (2022) இவை எதிலும் சேராத அடிதடி சாண்டா படம்.

இன்னொரு சிக்கல்: லூயிஸ் ஜாக்சனின் 'கிறிஸ்துமஸ் ஈவில்' (1980) படத்துக்கு 'யூ பெட்டர் வாட்ச் அவுட்' என்று இன்னொரு பெயர். 2016இல் வந்த 'பெட்டர் வாட்ச் அவுட்' அதற்குச் சம்பந்தமே இல்லாதது. முன்னது, பொம்மைத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் மெல்ல மெல்லத் தானே சாண்டா என்று நம்பத் தொடங்கும் சோகக் கதை. போஸ்டரைப் பார்த்துக் கொலைப் படம் என்று போட்டால் ஏமாற்றமாக இருக்கும், மனநிலைச் சித்திரமாகப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். பின்னது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணும் வீட்டுக்குள் நுழையும் அந்நியரும் என்று ஆரம்பிக்கும். அதற்குமேல் ஒரு வரிகூடப் படிக்காமல், டிரெய்லரும் பார்க்காமல் போட வேண்டிய படம்.

பிரெஞ்சுக்காரர் ரெனே மான்சோர் எடுத்த 1989 படத்துக்கோ பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: '36.15 கோட் பேர் நோயல்', 'டெட்லி கேம்ஸ்', 'டயல் கோட் சாண்டா கிளாஸ்'. வீட்டில் பொறி வைத்து, சாண்டா வேடத்தில் நுழைந்தவனை எதிர்க்கும் சிறுவன் கதைதான். 'ஹோம் அலோன்' (1990) வருவதற்கு முந்தைய ஆண்டே வந்தது, ஆனால் இதில் பயம் விளையாட்டல்ல.

பெயர் மங்களமாக இருந்தும் ஏமாற்றலாம். 'கிறிஸ்துமஸ் ஹாலிடே' (1944) என்றால் ஆட்டம்பாட்டம் என்று நினைப்பீர்கள்; டியன்னா டர்பினும் ஜீன் கெல்லியும் நடித்திருக்கிறார்கள் என்றால் இன்னும் நிச்சயமாக. ராபர்ட் சியோட்மாக் எடுத்த அந்தப் படம் கொலைகாரக் கணவனைப் பற்றியது.

5. எந்த வெட்டு என்று பாருங்கள்

ஒரே படம் பல வெட்டுகளில், அதாவது வேறு வேறு வடிவங்களில், வரலாம். படத்தைப் போடும்முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' (1985) மூன்று நீளத்தில் உண்டு: 142 நிமிடம், அமெரிக்கத் திரையரங்குகளில் வந்த 132 நிமிடம், தயாரிப்பு நிறுவனம் தொலைக்காட்சிக்காக வெட்டி ஒட்டிய 94 நிமிடம். கடைசி வடிவத்தில் முடிவையே மாற்றிச் சுபமாக்கியிருக்கிறார்கள். முதல் தடவை 142 நிமிடத்தை மட்டும் பாருங்கள். இயந்திரத்தில் ஒரு பூச்சி விழுந்து 'டட்டில்' என்ற பெயர் 'பட்டில்' என்று அச்சாகிறது. கிறிஸ்துமஸ் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிக் குடும்பத்தின் கூரையை அறுத்துப் படை இறங்குகிறது. ஆளைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போகும்போது மனைவியிடம் ரசீதில் கையெழுத்து வாங்குகிறார்கள். பண்டிகையும் அலுவலகப் படிவமும் இப்படி மோதிக்கொள்ளும் காட்சி வேறெங்கும் கிடைக்காது.

'பேட் சாண்டா' (2003) விஷயம் தலைகீழ். திரையரங்கு வடிவம் சுமார் 91 நிமிடம். 'பேடர் சாண்டா' என்று விற்ற வடிவம் அதைவிட நீளம். இயக்குநர் டெர்ரி ஸ்விகாஃபின் சொந்த வெட்டு சுமார் 88 நிமிடம், மூன்றிலும் சின்னது. நீளமானது என்றால் சிறந்தது என்று நினைத்தால் தப்பான வடிவத்தில் போய் நிற்பீர்கள். திரையரங்கு வடிவத்தில் தொடங்குங்கள்; படம் பிடித்துப்போனால் இரண்டாம் முறை இயக்குநர் வெட்டு. ஆரம்பக் குரல் விளக்கம் இல்லாததால் நாயகன் இன்னும் அநாதையாகத் தெரிவான்.

நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத படமும் உண்டு. 'ஐஸ் வைட் ஷட்' எந்த வடிவத்திலும் 159 நிமிடம்தான். 1999 அமெரிக்க வெளியீட்டில், மாளிகையில் நடக்கும் முகமூடி விருந்துக் காட்சியில் சில நிர்வாண உடல்களை மறைக்கக் கணினியில் உருவங்களை நிற்கவைத்தார்கள், காட்சியை வெட்டவில்லை. 'அன்ரேட்டட்' (அமெரிக்கத் தணிக்கைக்காக மாற்றாத வடிவம்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஐரோப்பிய டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவை நொடிக்கு 24 சட்டங்களுக்கு (ஃபிரேம்) பதில் 25 ஓட்டுவதால் படம் சுமார் 4 சதவீதம் சீக்கிரம் முடியும். 142 நிமிடப் படம் 136 என்று காட்டினால் யாரும் எதையும் வெட்டவில்லை. தனியாகத் தரவிறக்கிய சப்டைட்டில் இத்தகைய பிரதிகளில் ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும். படம் முடியும்போது நிமிடக் கணக்கில் தள்ளியிருக்கும். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் 'ஜி', 'எச்' பொத்தான்களை அழுத்தினால் சப்டைட்டில் முன்னும் பின்னும் 50 மில்லிநொடி நகரும், ஆனால் அது ஆரம்பம் முதல் ஒரே அளவு விலகலுக்குத்தான் மருந்து. போகப்போகக் கூடும் விலகலுக்குச் 'சப்டைட்டில் எடிட்' போன்ற மென்பொருளில் சட்ட வேகத்தையே 24இலிருந்து 25க்கு மாற்ற வேண்டும்.

6. டிவியைச் சரிசெய்யுங்கள்

இரண்டே வேலை. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர் இருக்கும். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். அடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். 'ஐஸ் வைட் ஷட்' படத்தில் ஸ்டான்லி குப்ரிக் பெரும்பாலும் அறையில் தெரிகிற விளக்குகளையும் மரத்தின் வண்ண பல்புகளையும் வைத்தே எடுத்தார். வெளிச்சம் போதாததால் ஃபிலிமை இரண்டு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கூட்டிக் கழுவினார்கள். திரையில் நெளியும் மணல் போன்ற புள்ளிகள் (கிரெயின்) அதனால் வருபவை, அது பழுதல்ல. டிவி அதை அழித்தால் முகங்கள் மெழுகாகும், விளக்கைச் சுற்றியிருக்கும் ஒளிப்புகையும் போகும். படம் முழுக்க அறைக்கு அறை கிறிஸ்துமஸ் விளக்கு எரிகிறது. முகமூடி மாளிகையில் மட்டும் இல்லை. அதைக் கவனிக்கவாவது நிறம் சரியாகத் தெரிய வேண்டும்.

7. எதைத் தாங்கமாட்டீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள்

'இன்சைட்' (2007) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பட்டியல்கள் தாராளமாகச் சிபாரிசு செய்யும். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் தனியாக இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணியின் வீட்டுக்குள் ஒரு பெண் கத்தரிக்கோலோடு நுழைகிறாள். படம் கடைசிவரை பின்வாங்காது. வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, அண்மையில் கருச்சிதைவு நேர்ந்திருந்தாலோ வேண்டவே வேண்டாம். 'தி லாட்ஜ்' (2019) தற்கொலையைச் சொல்லாமல் கொள்ளாமல் முகத்தில் அடிக்கிற மாதிரி காட்டும். 'தி அபார்ட்மென்ட்' படத்திலும் தற்கொலை முயற்சி உண்டு, நகைச்சுவை என்று நம்பி உட்காருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் 'டஸ் த டாக் டை' என்ற இணையதளத்தில் படத்தின் பெயரைப் போடுங்கள். நாய் சாகிறதா என்பதில் தொடங்கி நூற்றுக்கணக்கான விஷயங்களுக்கு ஆம், இல்லை என்று பதில் இருக்கும். முடிவு தெரிந்துவிடும் அபாயம் உண்டு, ஆகவே உங்களைப் பாதிக்கும் கேள்வியை மட்டும் பாருங்கள்.

'சைலன்ட் நைட், டெட்லி நைட்' பற்றிப் பெற்றோர் போராட்டம், திரையரங்குகளிலிருந்து வாபஸ் என்று நிறையப் படித்திருப்பீர்கள். கலகம் பெரிது, படம் சுமார். பார்ப்பதானால் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் (1987) ஒரே இரவில் போடாதீர்கள். இரண்டாம் பாகத்தின் கணிசமான நேரம் முதல் பாகத்துக் காட்சிகளின் மறு ஒளிபரப்புதான்.

8. ஓர் இரவுக்கு இரண்டு படம்

மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொலைப் படங்களை அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது உறைக்காது. கனமானதை முதலில் போட்டு, வெளிச்சம் உள்ளதை அடுத்து வையுங்கள். 'பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்' முடிந்ததும் சதோஷி கோனின் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) நன்றாக ஒட்டும்: வீடில்லாத மூன்று பேர் கிறிஸ்துமஸ் இரவில் குப்பையில் ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். ஜப்பானிய மூல ஒலியில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

அட்டகாசம் வேண்டும் என்றால் ஸ்பெயினின் 'தி டே ஆஃப் த பீஸ்ட்' (1995). கிறிஸ்துமஸ் அன்று மாட்ரிட்டில் அந்திக்கிறிஸ்து (கிறிஸ்துவின் எதிரி) பிறக்கப் போவதாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பாதிரியார், சாத்தானை நெருங்குவதற்காகப் பாவங்கள் செய்யத் தொடங்குகிறார். ஹெவி மெட்டல் ரசிகன் ஒருவன் துணைக்கு வருகிறான். நண்பர்களோடு பார்க்க இதைவிட நல்லது இல்லை. தனியாகப் பார்த்தால் பாதிச் சிரிப்பு வீணாகும்.

நேரம் இல்லாதவர்கள் பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஒளிபரப்பிய 'எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்துமஸ்' வரிசையைத் தேடலாம். பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். சார்லஸ் டிக்கன்ஸ் கதையை வைத்து லாரன்ஸ் கோர்டன் கிளார்க் இயக்கிய 'தி சிக்னல்மேன்' (1976) முதலில். அதில் மரமும் இல்லை, சாண்டாவும் இல்லை. முதல் படியில் சொன்ன சோதனையில் தோற்றுப்போகும்தான், ஆனால் பண்டிகை இரவில் பேய்க்கதை சொல்லும் ஆங்கிலேய வழக்கத்திலிருந்து வந்ததால் விதிவிலக்கு கொடுக்கலாம்.

தமிழில் சப்டைட்டில் இல்லாமலே பார்க்க ஒன்று வேண்டும் என்றால் ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' (2024). விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரெடெரிக் தார் எழுதிய குற்றக் கதையிலிருந்து வந்தது. தமிழ், இந்தி என இரண்டு மொழியிலும் தனித்தனியாகப் படமாக்கியதால் துணை நடிகர்கள் வேறு வேறு. தமிழில் காவல் நிலையக் காட்சிகளில் ராதிகாவும் சண்முகராஜனும் வருகிறார்கள். ஓடிடியில் இந்தி வடிவத்தின் டப்பிங்கைப் போட்டுவிடாமல், தமிழ் வடிவம் தனியாக இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.